ஸ்ரீரங்கம் முதல் பஞ்சப்பூர் வரை: நீண்டுபோன என் 8.25 பஸ்ஸுக்கு ஐந்தில் மூன்று

திருச்சியில் பதினெட்டு வருஷமாக ஒரே டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். பிரியாணிக் கடைக்கும் மிக்ஸிக்கும் செருப்புக்கும் நட்சத்திரம் போட்டு எழுதுகிறவர்கள், தினம் இரண்டு வேளை ஏறி இறங்குகிற பஸ்ஸைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. சரி, நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வண்டி எண்ணைச் சொல்ல மாட்டேன். ஓட்டுவது அரசா தனியாரா என்பதையும் சொல்ல மாட்டேன். சொன்னால் கண்டக்டர் தம்பிக்குத்தான் மெமோ வரும். அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

என் வழி இதுதான். அம்மா மண்டபம் பக்கம் ஏறுவேன். மாம்பழச் சாலை, காவிரிப் பாலம், சத்திரம் பஸ் ஸ்டாண்ட், மெயின்கார்டுகேட், பாலக்கரை தாண்டி ஹெட் போஸ்ட் ஆபீஸில் இறங்குவேன். அங்கிருந்து நாலு நிமிஷ நடையில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ். வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போய் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் நின்றுவிடும். டிரைவர் இறங்கி டீ குடிப்பார், ஊர்ப் பெயர் எழுதிய டின் போர்டைத் திருப்பிப் போடுவார்கள், அதே வண்டி ஸ்ரீரங்கம் கிளம்பும். 2025 ஜூலை வரை நடந்தது இது.

2025 மே 9-ஆம் தேதி பஞ்சப்பூரில் புதுப் பேருந்து முனையத்தை முதலமைச்சர் திறந்து வைத்தார். ஜூலை 16-ஆம் தேதியிலிருந்து வண்டிகள் அங்கே வந்து போகத் தொடங்கின. மதுரை ரோட்டில், சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீட்டர். 40 ஏக்கர் இடம், 400 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஊரே வேடிக்கை பார்க்கப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். கீழ்த்தளம் வெளியூர் வண்டிக்கு, மேல்தளம் டவுன் பஸ்ஸுக்கு என்று பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். சாய்வுப் பாதையில் ஒரு டவுன் பஸ் உறுமிக்கொண்டு மேலே ஏறுவதைப் பார்த்து, “ஏன்டி, பஸ்ஸு மாடி ஏறுதா?” என்று அத்தை வாயைப் பிளந்து நின்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஊருக்கு நடுவில் அத்தனை வெளியூர் வண்டிகளும் முட்டி மோதித் திரும்பிக்கொண்டிருந்த காலம் முடிந்தது நல்லது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் மதுரையிலிருந்து வருகிறவரை பஞ்சப்பூரில் இறக்கிவிட்டால், அவரை ஊருக்குள் கொண்டுவர ஏதாவது ஒன்று வேண்டுமில்லையா? அந்த ‘ஏதாவது ஒன்று’ இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் பஸ்ஸைப் போட்டார்கள். சென்ட்ரலில் முடிந்த வண்டி எடமலைப்பட்டிபுதூர் வழியாகப் பஞ்சப்பூர் வரை போய்த் திரும்ப ஆரம்பித்தது.

முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான் இறங்கும் இடத்துக்கு அப்புறம்தானே நீட்டுகிறார்கள், எனக்கென்ன என்று இருந்தேன். இரண்டு வாரத்தில் உறைத்தது. 8.25-க்கு வரவேண்டிய வண்டி 8.40-க்கு வந்தது. ஒருநாள் வரவே இல்லை. வராத வண்டிக்குப் பின்னால் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி இரண்டு வந்தன.

இதன் சூட்சுமத்தை எனக்கு விளக்கியவர் டிரைவர் அண்ணன்தான். ஒரு நாள் சாயங்காலம் வண்டி சென்ட்ரலில் கூட்டத்துக்காக நின்றபோது முன் சீட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். “முன்ன ஒரு ஷிப்டுக்கு எட்டு சிங்கிள் அடிப்போம்மா. இப்ப ஆறு அடிச்சாலே பெரிசு. வண்டி அதேதான், ரோடுதான் நீளமாயிடுச்சு” என்றார். சிங்கிள் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு நடை. அவர் சொன்னதை வைத்து ஆபீஸில் ஒரு வவுச்சரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சென்ட்ரல் போய்த் திரும்ப, நிற்கும் நேரமும் சேர்த்து 80 நிமிஷம் என்று வையுங்கள். 8 வண்டி ஓடினால் 10 நிமிஷத்துக்கு ஒன்று வரும். பஞ்சப்பூர் வரை நீட்டியதும் போய்த் திரும்ப 120 நிமிஷம் ஆகிறது. அதே 8 வண்டி என்றால் 15 நிமிஷத்துக்கு ஒன்று. பழையபடி 10 நிமிஷத்துக்கு ஒன்று வேண்டுமானால் 12 வண்டி வேண்டும். மேற்கொண்டு நாலு வண்டி எங்கிருந்து வரும்? வரவில்லை. வழி நீண்டதற்கான விலையை எடமலைப்பட்டிபுதூரில் யாரும் கொடுக்கவில்லை, அம்மா மண்டபத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நான் கொடுக்கிறேன்.

இரண்டு வண்டி சேர்ந்து வருவதும் இதன் தம்பிதான். வழி நீள நீள சிக்னல் கூடும், நிறுத்தம் கூடும், தாமதமாக வாய்ப்பும் கூடும். முன்னால் போகும் வண்டி ஐந்து நிமிஷம் தாமதித்தால் அடுத்த நிறுத்தத்தில் அதற்காக இன்னும் பத்துப் பேர் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏறி முடிக்க இன்னும் நேரமாகும். பின்னால் வரும் வண்டிக்கோ ஆளே இருக்காது. அது விசிலடித்துக்கொண்டு பறந்து வந்து முன்வண்டியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். முன்னால் படிக்கட்டில் தொங்குவார்கள், பின்னால் சீட்டுகள் காலியாக ஆடிக்கொண்டு வரும். நம் ஆட்கள் முதலில் வந்ததில்தான் ஏறுவோம். பின்னால் காலியாக ஒன்று வருகிறது என்று சொன்னாலும் நம்ப மாட்டோம். பதினெட்டு வருஷ அனுபவத்தில் நானும் நம்புவதில்லை.

ஆடிட்டர் ஆபீஸ் புத்தி சும்மா இருக்குமா? செப்டம்பர் 1-ஆம் தேதியிலிருந்து ஆறு வாரம், காலையில் எத்தனை நிமிஷம் நின்றேன் என்று டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். மீலாது, ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறையும் நான் லீவு போட்ட இரண்டு நாளும் போக 31 நாள். ஐந்து நிமிஷத்துக்குள் வண்டி கிடைத்தது 6 நாள். பதினைந்து நிமிஷத்துக்குள் 11 நாள். மிச்சம் 14 நாளும் அதற்கு மேல். இரண்டு வண்டி ஒட்டிக்கொண்டு வந்தது 9 நாள். இதெல்லாம் ஒரு நிறுத்தத்தில் ஒரு பொம்பளை எடுத்த கணக்கு, ஊர் முழுக்கப் பொருந்தும் என்று சொல்லவில்லை. அதிகபட்சம் 38 நிமிஷம். தேதி செப்டம்பர் 15. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள். ஆபீஸில் மூன்று பேர் எனக்காகக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க, நான் இங்கே காவிரிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி கடைசி நேரத்தில் கெடுவை ஒரு நாள் நீட்டித்தார்கள். நீட்டியதில் எனக்கு உபயோகமானது அது ஒன்றுதான்.

இவ்வளவு புலம்பிவிட்டு எங்கள் ஆபீஸ் பெண்ணைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். எடமலைப்பட்டிபுதூர்க்காரி. என்னை விடப் பதினைந்து வயது இளையவள், அக்கா அக்கா என்று சுற்றி வருவாள். அவளுடைய அம்மா வீடு ஸ்ரீரங்கத்தில். முன்பெல்லாம் கைக்குழந்தையும் பையுமாகச் சென்ட்ரலில் இறங்கி, இன்னொரு வண்டிக்கு நின்று, ஏறி, சீட்டுக்கு அலைந்து போவாள். இப்போது வீட்டு முனையில் ஏறினால் ஸ்ரீரங்கத்தில் இறங்கலாம். “அக்கா, நீங்க பஸ்ஸைத் திட்டும்போதெல்லாம் எனக்குக் கூச்சமா இருக்கு. எனக்கு இது சாமி கொடுத்த பஸ்” என்றாள். வாயடைத்துப் போனேன். அவள் சொல்வதும் நியாயம். அவளுக்கு ஒரே வண்டி ஆனது, எனக்கு அதே வண்டி அரை வண்டி ஆனது. வழித்தடத்தைத் தொட்டால் இப்படித்தான். ஒருத்தி வாசலில் கோலம் போட்டால் இன்னொருத்தி வாசலில் சாணி இருக்காது.

வெளியூர்க்காரர்கள் பாடும் சுலபமில்லை. டிசம்பர் 30-ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி. அதற்கு முந்தின இரண்டு நாளும் சாயங்காலம் ஹெட் போஸ்ட் ஆபீஸில் எனக்கு வண்டிக்குள் கால் வைக்க இடமில்லை. பஞ்சப்பூரிலேயே நிரம்பி வந்தது. சூட்கேஸ், போர்வை மூட்டை, தண்ணீர் கேன், தூக்குச் சட்டி. டவுன் பஸ்ஸின் நடைபாதை இரண்டு பேர் பக்கவாட்டில் திரும்பினால்தான் ஒருவரை ஒருவர் தாண்டுகிற அகலம். அதில் ஒரு சக்கர சூட்கேஸ் நின்றால் கார்க் போட்ட மாதிரி அடைத்துவிடும். விருதுநகர்ப் பக்கத்து அம்மா ஒருத்தர் தன் மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டு, “ரங்கநாதர் கோவில் வந்தா சொல்லும்மா” என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டார். ராஜகோபுரம் தெரிகிற வரைக்கும் விடவில்லை. 236 அடிக் கோபுரம், காவிரிப் பாலத்திலேயே காட்டினேன். கும்பிடக் கையை எடுத்தவர் மறுபடியும் என் சேலையைத்தான் பிடித்தார். வெளியூர் வண்டியில் மூட்டையோடு வந்த கூட்டத்தை ஆபீஸ் போகிற கூட்டத்தோடு ஒரே வண்டியில் ஏற்றுவது இரண்டு பேருக்கும் தண்டனை. அதற்கு மூட்டை வைக்க இடமுள்ள, சத்திரம், ஸ்ரீரங்கம் என்று நாலைந்து இடத்தில் மட்டும் நிற்கிற தனி வண்டி வேண்டும்.

அப்புறம் காசு. 2021 மே 8-ஆம் தேதியிலிருந்து அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் கட்டணமில்லா சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், செக்கர் ஏறினால் கேட்பார். திருச்சியில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய. பாட்டுப் போடுவார்கள், வேகமாகப் போவார்கள், படியில் நின்று “சத்ரம் சத்ரம் சத்ரம்” என்று ஒரே மூச்சில் கூவி ஆளை அள்ளுவார்கள். அதில் ஏறினால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். எனக்கு இளையராஜா பாட்டோடு போவது பிடிக்கும். மாதக் கடைசியில் பிடிக்காது.

வழித்தடத்தை மாற்றுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. காகிதத்தில் பார்த்தால் இந்த வழியில் இத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்று இருக்கும். பெண் பயணிக்கு அது இரண்டு கணக்கு. இலவச வண்டி எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று, காசு வண்டி எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று. இலவச வண்டி இருபது நிமிஷம் வராவிட்டால், எதிரில் வந்து நிற்கும் காசு வண்டியில் ஏறுவதா வேண்டாமா என்று தினம் காலையில் ஒரு சின்னப் பட்டிமன்றம். மேனேஜர் முகத்தை நினைத்துக்கொண்டால் ஏறிவிடுவேன். செப்டம்பர் மாதம் அப்படி ஏறியதைக் கூட்டிப் பார்த்தேன். கையைக் கடித்தது.

எங்கள் நிறுத்தத்தில் ஒரு பூக்காரம்மா ஏறுவார். சாத்தார வீதி பூச்சந்தையில் விடிகாலையில் பூ எடுத்து, கூடையோடு வந்து சென்ட்ரல் பக்கம் உட்கார்ந்து விற்பார். வயது அறுபத்தைந்துக்கு மேல். எழுத்துத் தெரியாது, ஆனால் வண்டியைத் தப்பாக ஏறியதே இல்லை. எப்படி என்று கேட்டேன். “முன்னாடி கண்ணாடில நாமம் ஒட்டுனது ஒன்னு, எலுமிச்சம்பழம் கட்டுனது ஒன்னு, ஆரன் கெட்டுப்போயி இருமுறது ஒன்னு. இதுல எதுக்கு எழுத்து?” என்றார். பூ காத்திருக்காது. மல்லிகை மொட்டாக விற்றால் ஒரு விலை, வாய் திறந்துவிட்டால் பாதி விலை. வண்டி தாமதமாகிற அன்றைக்கு ஈரத் துணியை எடுத்து எடுத்துக் கூடையின் மேல் பிழிந்துகொண்டே நிற்பார். எனக்கு 38 நிமிஷம் என்றால் திட்டு, அவருக்கு 38 நிமிஷம் என்றால் நஷ்டம்.

இப்போது இன்னொரு மாற்றம் வருகிறதாம். பொங்கலுக்கு முந்தியே கண்டக்டர் தம்பி காதைக் கடித்தான். நீட்டியதில் நடை குறைந்துவிட்டது என்று மேலே புகார் போயிருக்கிறது, அதனால் வண்டிகளில் பாதியைப் பழையபடி சென்ட்ரலோடு வெட்டிவிட்டு, அங்கிருந்து பஞ்சப்பூருக்கு இணைப்பு வண்டி விடலாம் என்று பேச்சு. கேட்டதும் எனக்குக் கை தட்டத் தோன்றியது. என் 8.25 திரும்ப 8.25-க்கே வரும். அப்புறம் எதிர் மேஜையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த எடமலைப்பட்டிபுதூர்க்காரியைப் பார்த்தேன், கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

யோசித்துப் பார்த்து எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். பஸ்ஸில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து வருவதைப் பற்றி யாரும் முனகுவதில்லை. ஜன்னல் சீட்டு கிடைத்தால் அது தூக்க நேரம். இறங்கி இன்னொரு வண்டிக்கு நிற்கிற பத்து நிமிஷம்தான் உயிரை எடுக்கும். இருந்த சீட்டு போகும், மூட்டையைத் தூக்க வேண்டும், குழந்தையை எழுப்ப வேண்டும், ஆண்கள் இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டும். இணைப்பு வண்டி காசு வண்டியாக அமைந்துவிட்டால் பெண்களும் எடுக்க வேண்டும். ஆகையால் வெட்டுவதானால், சென்ட்ரலில் ஒரு வண்டி இறக்கிய அதே இடத்தில் அடுத்த வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்க வேண்டும், அது இலவச வண்டியாகவும் இருக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் வெட்டாதீர்கள். நான் நின்றுகொள்கிறேன். ஆனால் காலை எட்டிலிருந்து பத்து, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழரை, இந்த நாலரை மணி நேரத்துக்கு மட்டுமாவது ஸ்ரீரங்கத்துக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில் மட்டும் ஓடுகிற இரண்டு மூன்று வண்டி கூடுதலாக விடலாம். மத்தியானம் அவற்றைப் பஞ்சப்பூருக்கோ எங்கேயோ அனுப்பிக்கொள்ளட்டும்.

இதை யாரிடம் சொல்வது என்று ஆடிட்டர் சாரிடம் கேட்டேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இளவயதில் பஸ் முதலாளி ஒருவருக்குக் கணக்கு எழுதியவர். பர்மிட் கதையை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். தனியார் வண்டி என்றால் முதலாளி நினைத்த மாத்திரத்தில் வழியை மாற்ற முடியாது. பர்மிட்டில் திருத்தம் வாங்க வேண்டும். கலெக்டர் தலைமையிலான வட்டாரப் போக்குவரத்து ஆணையம் கொடுக்க வேண்டும். 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் 80-ஆவது பிரிவில், இருக்கிற பர்மிட்டின் வழியைத் திருத்துவதற்கு 24 கிலோமீட்டர்தான் வரம்பு என்றும், முனைகளை மாற்றக் கூடாது என்றும் இருக்கிறதாம். பிரிவு எண்ணோடு ஒப்பித்தார். “அதுக்கு முந்தின 1939 சட்டத்துல பர்மிட் மனு வந்தா அதை வெளியிட்டு ஆட்சேபம் கேக்கணும்மா. பயணிகள் சங்கம், முனிசிபாலிட்டி, போலீஸ், எல்லாரும் எழுதிக் கொடுக்கலாம். 88-ல அந்த ஏற்பாட்டை எடுத்துட்டாங்க” என்றார். ஏன் என்று கேட்டேன். அப்போது ஆட்சேபம் என்ற பெயரில் எழுதியது பாதியும் போட்டி பஸ் முதலாளிகள்தானாம், ஒரு பர்மிட் வருஷக் கணக்கில் கோர்ட்டில் கிடக்குமாம். அதைத் தாராளமாக்கியபோது பயணி எழுதுகிற காகிதமும் சேர்ந்து போய்விட்டது. குளிக்கப் போய்ச் சேறு பூசிக்கொண்டார்கள் என்று எனக்குப் பட்டது. சாரிடம் சொல்லவில்லை, அவர் அதற்குள் 1950-களுக்குப் போய்விட்டார்.

மினி பஸ் இதற்கு உதவுமா என்றும் பேச்சு வந்தது. புது மினி பஸ் திட்டத்தை முதலமைச்சர் 2025 ஜூன் 16-இல் பக்கத்துத் தஞ்சாவூரில்தான் தொடங்கி வைத்தார். 25 கிலோமீட்டர் வரை ஓடலாம். ஆனால் அது பஸ்ஸே போகாத ஊர்களை நினைத்துப் போட்ட திட்டம். எங்கள் ரோட்டில் பஸ்ஸுக்குக் குறைவில்லை, வருகிற ஒழுங்குக்குத்தான் குறைவு.

மாற்றமே கூடாது என்று அடம் பிடிக்கிற ஜனங்கள் இல்லை நாங்கள். 2022-இல் காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க மூடினார்கள். 1976-இல் கட்டிய பாலம், மூட்டுகள் தேய்ந்து, பஸ் போகும்போதெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வண்டிகள் எல்லாம் சென்னை பைபாஸ் பாலத்தில் ஏறி ஊரைச் சுற்றிக்கொண்டு சத்திரம் வந்தன. இரட்டிப்பு நேரம். 2023 மார்ச்சில் பாலம் திறக்கும் வரை அப்படியேதான் போய் வந்தோம், முணுமுணுத்தோமே தவிரக் கலகம் செய்யவில்லை. என்ன வேலை நடக்கிறது என்று கண்ணால் பார்த்தோம், முடிந்தால் சரியாகிவிடும் என்று தெரிந்தது. இந்தத் தடவை எது தற்காலிகம், எது நிரந்தரம் என்று நிறுத்தத்தில் ஒரு காகிதம் ஒட்டியவர் இல்லை. ஜூலையில் ஒருநாள் வந்த வண்டியின் நெற்றியில் ‘பஞ்சப்பூர்’ என்று இருந்தது, அவ்வளவுதான் எங்களுக்கு வந்த அறிவிப்பு.

இனி மதிப்பெண். வண்டி சுத்தம், பரவாயில்லை. ஜன்னல் ஷட்டர் மழையில் இறங்காது, அதற்குப் பழகிவிட்டோம். டிரைவர் அண்ணனுக்கு முழு மதிப்பெண். மெயின்கார்டுகேட் நெரிசலில் அவர் வண்டியைத் திருப்புவதைப் பார்த்தால் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி இருக்கும். கண்டக்டர் தம்பிக்கும் முழு மதிப்பெண். சில்லறை பாக்கி இருந்தால் மறுநாள் தானாகக் கொடுப்பான். புது வழிக்கு, எடமலைப்பட்டிபுதூர்க்காரியை நினைத்து, ஐந்துக்கு நாலு. காத்திருப்புக்கு ஒன்று, அதுவும் நாமம் ஒட்டிய வண்டி பெரும்பாலும் நேரத்துக்கு வருவதால். கூட்டிக் கழித்து மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கார்த்திகையிலிருந்து அவ்வப்போது ஒரு கூத்து நடக்கிறது. வண்டியின் நெற்றியில் ‘பஞ்சப்பூர்’ என்று டின் போர்டு இருக்கும், ஆனால் நேரமாகிவிட்டது என்று அன்றைக்கு நடையைச் சென்ட்ரலோடு வெட்டிவிடுவார்கள். கட் சிங்கிள் என்பார்கள். விஷயம் தெரியாமல் மூட்டையோடு ஏறியவர்கள் சென்ட்ரலில் இறங்கச் சொன்னதும் சண்டைக்கு வருவார்கள். தம்பி ஒவ்வொரு நிறுத்தத்திலும் படியில் தொங்கிக்கொண்டு “சென்ட்ரல் வரைக்கும்தான், சென்ட்ரல் வரைக்கும்தான்” என்று கத்தித் தொண்டை கட்டிப்போனான். ஒருநாள் இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, “அக்கா, உங்க ஆபீஸ்ல அட்டை கிட்டை கிடைக்குமா?” என்றான். பழைய பாக்ஸ் ஃபைல் ஒன்றின் அட்டையைக் கிழித்து, கறுப்பு மார்க்கரால் கொட்டை எழுத்தில் ‘சென்ட்ரல் வரை’ என்று எழுதி, மேலே இரண்டு ஓட்டை போட்டு, ஃபைல் கட்டும் நாடாவைக் கோத்துக் கொடுத்தேன். வெட்டுகிற நாளில் அதை டின் போர்டின் மேலேயே மாட்டிவிடுகிறான். பூக்காரம்மாவுக்கு எழுத்து வேண்டாம், அட்டை தொங்கினாலே போதும் என்று தெரிந்துகொண்டுவிட்டார். இவருக்குச் சென்ட்ரல்தானே, அட்டையைப் பார்த்தால் முகம் மலரும். உட்கார இடம் கிடைக்கும் வண்டி அதுதான்.

போன வாரம் பெய்த மழையில் அட்டையின் ‘வரை’ கரைந்து வழிந்துவிட்டது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேஷன் போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக் காலை கொடுக்க வேண்டும், வண்டி வந்தால்.